நட்டுக்கு வைத்த மஞ்சள் பொட்டு

"கிளட்ச் மாத்தணும்னா எவ்வளவு ஆகும்?" என்று டைல்ஸ் கடை முதலாளி கேட்டார்.

"ஒரு ஃபிரிட்ஜ்," என்றார் மெக்கானிக். தோள்வரை இஞ்சினுக்குள் குனிந்திருந்ததால் குரல் மட்டும்தான் வெளியே வந்தது.

"சின்னதா, பெருசா?"

"ரெண்டு கதவு."

முதலாளி அந்தச் சிவப்புக் காரை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இத்தாலிக் கார், அவரைவிட நான்கு வயது மூத்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம், இஞ்சின் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

"கார்புரேட்டர்?"

"நாலு இருக்கு. சொத்துத் தகராறுல பேச்சை நிறுத்தின அண்ணன் தம்பிங்க மாதிரி, நாலும் நாலு பக்கம் முறைச்சிட்டு நிக்கும். சமாதானம் பண்ணி வைக்க ஒரு வாஷிங் மெஷின். ஆறு மாசம் தாங்கும். அப்புறம் மறுபடி பஞ்சாயத்து."

"பொத்தானை அழுத்தினா முன்பக்க லைட் ஒண்ணு மேல எழுந்திருக்க மாட்டேங்குது சார்."

"எழுந்திருக்காது. ஃபியூஸ் பெட்டி உருகியிருக்கும். அது வெறும் மிக்ஸி. வாங்கும்போது அடியில தட்டிப் பாத்தீங்களா?"

"பளபளன்னு இருந்துச்சே."

"பெயின்ட்டு பளபளன்னுதான் இருக்கும். தரை துருப்பிடிச்சிருந்தா ஃபிரிட்ஜ், மிக்ஸின்னு கணக்குச் சொல்ல முடியாது. வீட்டையே எழுதி வைக்கணும்."

முதலாளி சிரித்துப் பார்த்தார். துணைக்கு யாரும் சிரிக்கவில்லை. "நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பேன். அவ்வளவு சீக்கிரமாவா கெட்டுப்போகும்?"

"எடுக்கலேன்னாலும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை டைமிங் பெல்ட் மாத்தணும். சும்மா நின்னாலும் ரப்பர் இறுகிடும். அது ஒரு பல்லு நழுவினாப் போதும், வால்வெல்லாம் பிஸ்டன்ல முட்டிக்கிட்டு வளைஞ்சிடும். பெல்ட்டை விறைப்பாப் பிடிச்சிருக்கிற பேரிங்கையும் கூடவே மாத்தணும். அதை வெளிநாட்டுல ஒரு அப்பாவும் பொண்ணும் கடைசல் பட்டறை வெச்சுப் பண்றாங்க. அவங்க சரக்கைத் தவிர வேற எதையும் நான் போடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"அது உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு சார். வீடியோல பாத்தேன், நீங்க இறுக்கின ஒவ்வொரு நட்டுக்கும் மஞ்சப் பொட்டு வைப்பீங்களே, அதைப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன். நம்ம வண்டிக்கும் உங்க கையாலயே வைக்கணும்."

மெக்கானிக் வெளியே வந்து நிமிர்ந்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதை இப்ப நான் வைக்கிறதில்ல. வீட்டுக்காரி வைக்கிறா," என்றவர், உள்ளறைப் பக்கம் திரும்பி, "வா, வந்து பாரு," என்று கூப்பிட்டார்.

கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அவர் மனைவி வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவர் நீட்டிய ஸ்பானரை வாங்கி, அவர் இறுக்கியிருந்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். அசையாத நட்டுக்குப் பொட்டு வைத்தார். கணவர் இரண்டடி தள்ளி, தேர்வுத்தாள் திருத்தப்படுவதைப் பார்க்கும் மாணவனைப்போல் நின்றார். டைல்ஸ் கடை முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் ஓரத்து ஸ்டூலில் குனிந்து, கையிலிருந்த கடிதத்தைப் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

தெருவில் அவரை யாரும் மெக்கானிக் என்று சொல்வதில்லை. 'மஞ்சப்பொட்டு' என்றால்தான் தெரியும். பட்டறைக்கு ஒரு பக்கம் சலவைக்கடை, மறுபக்கம் சாவி செய்பவர். மாடியில் நான் வேலை பார்க்கும் மொழிபெயர்ப்பு அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் என்று நாள் முழுவதும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே தாள்களை மாற்றிக்கொண்டிருப்போம். மதிய இடைவேளையில் நான் கீழே இறங்கி, உதிரிபாக வியாபாரிக்கு மெக்கானிக் சொல்லும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதி, மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு அச்சுப்பிரதியும் கொடுப்பேன். அந்த வியாபாரி கடல்தாண்டி இருக்கும் ஒரு முதியவர். இருவரும் இருபது வருடமாக ஒருவரை ஒருவர் பார்க்காமலே வியாபாரம் செய்கிறார்கள். கடிதத்துக்குக் கூலி வேண்டாம் என்றேன். மறுநாளே மாடிக்கு வந்து, பல மாதமாக ஆடிக்கொண்டிருந்த என் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சரிசெய்தார். அதன் அடியில் இன்றும் ஐந்து மஞ்சள் பொட்டுகள் இருக்கின்றன.

வயது ஐம்பத்தாறு. உடம்பு ஒல்லி. கைகள் மட்டும் வேறொரு பெரிய ஆளிடமிருந்து வாங்கி மாட்டியதுபோல் இருக்கும். எந்த வேலைக்கும் தொகையை எண்ணாகச் சொல்லமாட்டார். "எண்ணைச் சொன்னா மூஞ்சி சுருங்கிடும். ஃபிரிட்ஜுன்னு சொன்னா, நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கேன்னு மனசு ஆறும்," என்பார். ரசீது எழுதுவது மனைவி. அதில் எண் இருக்கும். அதைப் பார்த்து முகம் சுருங்குபவர்களைச் சமாளிப்பதும் மனைவிதான்.

கழற்றிய பழைய பாகங்களை அவர் வெள்ளைத் துணியில் பரப்பி வைப்பார். சொந்தக்காரர் வந்து, இது இதனால் போனது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் புதிய பாகம் உள்ளே போகும். அவசரப்படுகிறவர்களிடம், "பாத்துட்டுப் போங்க. நாளைக்கு நான் பொய் சொன்னேன்னு நீங்க சொல்லக்கூடாது," என்பார்.

மூக்குக்கண்ணாடி விஷயம் அவருடைய ஒரே ரகசியம். வெள்ளெழுத்துக்குப் போடும் அந்தக் கண்ணாடி, பதினான்காம் நம்பர் ஸ்பானர் இருக்கும் இழுப்பறையில், ஒரு பழைய காலுறைக்குள் இருக்கும். தனியாக இருந்தால்தான் எடுத்து மாட்டுவார். யாராவது வரும் சத்தம் கேட்டால் கண்ணாடி காலுறைக்குள் போய்விடும். "கண்ணு போன மெக்கானிக்குன்னு தெரிஞ்சா எவன் வண்டியைக் கொண்டு வருவான்?" என்று மனைவியிடம் கேட்பாராம். "கண்ணாடி போட்ட டாக்டர்கிட்ட மட்டும் நீங்க ஊசி போட்டுக்கலாமா?" என்று அவர் திருப்பிக் கேட்பாராம். இதை என்னிடம் சொன்னவர் அந்த அம்மாதான். கடிதங்களையும் மெக்கானிக் என் முன் படித்ததில்லை. கையை நீட்டி எட்ட வைத்து, "எழுத்து அழகா இருக்கு," என்று சொல்லி மடித்துவிடுவார்.

பொட்டுக்கு வருகிறேன். நகப்பூச்சுக் குப்பி அளவில் ஒரு மஞ்சள் பெயின்ட், அதன் மூடியோடு ஒரு சிறிய தூரிகை. நட்டை இறுக்கியதும், நட்டிலும் அதன் அடியிலிருக்கும் உலோகத்திலும் சேர்ந்து படும்படி ஒரு பொட்டு. பிறகு நட்டு தளர்ந்தால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டே இல்லையென்றால் அந்த நட்டு இறுக்கப்படவில்லை என்று பொருள். "என் நெத்தியைப் பாத்து ஒரு வாரம் ஆச்சு. நட்டு நெத்தியை மட்டும் மறக்கமாட்டாரு," என்று மனைவி கேலி செய்வார். அவர் மறுக்கமாட்டார். அதில் அவருக்குப் பெருமை.

பெருமை என்று எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியை எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

போன வருடம் பல் டாக்டரம்மாவின் பச்சைக் கார் பெல்ட் மாற்ற வந்தது. இந்தச் சிவப்புக் காரின் அதே ரகம். பதினெட்டு வருடம் சேர்த்து வாங்கியது. அவர் வீட்டில் அதற்கு 'மூத்தவன்' என்று பெயர். அந்த வேலையில் ஒரு கட்டம் உண்டு. புதிய பெல்ட்டை மாட்டி, பேரிங்கின் நட்டைத் தளர்வாகவே விட்டு, இஞ்சினைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்ற வேண்டும். பெல்ட் தன் இடத்தில் உட்காரக் கால்மணி நேரம் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் நட்டை இறுக்கிப் பொட்டு வைக்க வேண்டும். அந்தக் கால்மணி நேரம் அவர் காரைவிட்டு நகரமாட்டார். டீ வந்தால் ஆறிப்போகும். போன் அடித்தால் அடித்துக்கொண்டிருக்கும். "அடைகாக்குறாரு," என்பார் மனைவி.

அன்று அந்தக் கால்மணி நேரத்தில் கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். பழைய கார்களைப் பற்றி வீடியோ எடுப்பவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். மெக்கானிக் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடி இழுப்பறையிலேயே இருந்தது. அவர் ஒரு வாக்கியம் சொன்னால் நான் ஒன்றரை வாக்கியமாகச் சொன்னேன். "பொட்டு வெச்சா அந்த நட்டைப் பத்தி அப்புறம் கவலையே படவேண்டாம்," என்றார். அது என் வாயில், இந்த மனிதர் கைபட்ட இஞ்சின் இதுவரை திரும்பி வந்ததில்லை என்று ஆனது. அவர்கள் அசந்துபோனார்கள். கேமராவுக்காக இரண்டு மூன்று நட்டுகளுக்கு மறுபடியும் பொட்டு வைத்துக் காட்டினார். தோளில் தட்டி, கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு அவர்கள் போகும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவர், சிரித்த முகத்தோடு இஞ்சினை ஒருமுறை பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அங்கங்கே மஞ்சளாகத் தெரிந்தது. பெல்ட்டை மறைக்கும் மூடியைப் போட்டுத் திருகிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து 'மூத்தவன்' கயிறு கட்டி இழுத்து வரப்பட்டான். பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது, இஞ்சினுக்குள் பாத்திரக்கூடை கவிழ்ந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லும்போது அவர் கை சாவிக்கொத்தை விடவே இல்லை.

மறுநாள் மதியம் வியாபாரியிடமிருந்து வந்த வேறொரு கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் கீழே போனேன். மனைவி வங்கிக்குப் போயிருந்தார். பச்சைக் காரின் இஞ்சின் வெளியே எடுக்கப்பட்டு இரும்புச் சட்டத்தில் இருந்தது. மெக்கானிக் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். அது வழக்கம்தான். கூடவே எதையோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது வழக்கம் இல்லை.

"பேரிங்கு சரியில்லம்மா," என்றார். "சரக்கு மோசம். ஒரு லெட்டர் எழுதணும். படமும் எடுத்து அனுப்பணும். நட்டு இறுக்கித்தான் இருக்கு, பாருங்க, பொட்டு இருக்கு."

பொட்டு இருந்தது. அவருடைய வலது கட்டைவிரலிலும் மஞ்சள் இருந்தது.

நான் என் போனில் படம் எடுத்தேன். மாடிக்கு வந்து, ஐந்து பொட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மரியாதையாகவும் வருத்தமாகவும், குற்றம்சாட்டாமல் குற்றத்தை அவர்கள் பக்கம் நகர்த்தும்படியும் எழுதினேன். அது எனக்கு வரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மற்றப் பொட்டுகளெல்லாம் மூன்று வாரச் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் மங்கியிருந்தன. ஒன்று மட்டும் ஈரமாக மின்னியது. அந்த மினுமினுப்புத் தெரியாத அளவுக்குப் படத்தைச் சிறிதாக்கி இணைத்தேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இரண்டே நாளில் பதில் வந்தது. வியாபாரி மன்னிப்புக் கேட்டிருந்தார். புது பேரிங்கும் வால்வுகளும் தன் செலவில் அனுப்புவதாக எழுதியிருந்தார். கெட்டதென்று சொன்ன பேரிங்கைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, உங்கள் வார்த்தை போதும் என்றிருந்தார். கடைசியில் நான்கு வரி: இந்த பேரிங்குகளை ஒரு தகப்பனும் மகளும் சிறு பட்டறையில் செய்கிறார்கள், பதினோரு வருடமாக ஒரு புகாரும் இல்லை, இருந்தாலும் மிச்சச் சரக்கை முழுவதும் திருப்பி அனுப்பிவிட்டேன், இனி அவர்களிடம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணு என்ன வயசாம்?" என்றார்.

"எழுதலை."

"சரி," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் செய்த ஒரே வேலை, கெட்டுப்போனதாக நாங்கள் எழுதிய அந்த பேரிங்கைச் சுழற்றியதுதான். மேசைமேல் வைத்து ஒரு விரலால் சுழற்றிவிடுவார். அது சத்தமே இல்லாமல், நின்றுவிடுவோம் என்ற எண்ணமே இல்லாததுபோல் சுற்றிக்கொண்டிருக்கும். நிற்கும்வரை பார்ப்பார். மறுபடி சுழற்றுவார். நடுவில் ஒருநாள் டாக்டரம்மா ஒரு டப்பா பிஸ்கட்டோடு வந்து, "வேற எவனா இருந்தா என் தலையில கட்டியிருப்பான். நீங்களா இருக்கப்போய் அவங்ககிட்ட வாதாடி வாங்கிக் குடுத்தீங்க," என்றார். அவர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதை யாரும் திறக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மனைவியிடம் அவரே உண்மையைச் சொல்லியிருக்கிறார். அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் டாக்டரம்மாவை வரச்சொன்னபோது நான் கீழே இருந்தேன், எழுந்து போகப் பார்த்தேன். "நீ உக்காரு பொண்ணு," என்றார் மனைவி. எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும் என்று அந்தக் குரலிலேயே புரிந்தது. உட்கார்ந்தேன்.

வெள்ளைத் துணியை விரித்து, அதில் நட்டையும் பேரிங்கையும் வைத்தார் மெக்கானிக். "இது நல்ல பேரிங்கு டாக்டரம்மா. நட்டை நான் இறுக்கல. கேமரா முன்னாடி நின்னு பல்லைக் காட்டிட்டு இருந்துட்டேன். வண்டியை இழுத்துட்டு வந்தப்புறம்தான் திறந்து பாத்துட்டு, இறுக்கிப் பொட்டும் வெச்சேன்."

டாக்டரம்மா பேரிங்கை எடுத்து அவரைப்போலவே சுழற்றிப் பார்த்தார். "பின்னாடி லாரி நின்னுச்சு," என்றார். பேரிங்கைத் துணியில் திரும்ப வைத்துவிட்டு, "நட்டு மறந்தது எனக்குப் புரியுது. நானே ஒருத்தருக்குப் பக்கத்துப் பல்லைப் புடுங்கியிருக்கேன். பொட்டு வெச்சீங்க பாருங்க, அதுதான். இனிமே உங்க பொட்டைப் பாத்தா நான் என்னன்னு நினைக்கிறது?"

மனைவிதான் சொன்னார்: "இனிமே அவரு வைக்கமாட்டாரு. நான் திருகிப் பாத்துட்டு நான் வைப்பேன். அதுக்கும் மனசு ஒப்பலேன்னா வண்டியை வேற எடத்துக்கு நாங்களே கொண்டுபோய் விடறோம்."

டாக்டரம்மா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். விட்டுவிட்டுப் போனார். பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியம் மெக்கானிக் மாடி ஏறி வந்தார். நாற்காலி சரிசெய்த நாளுக்குப் பிறகு அவர் மாடிக்கு வந்தது அப்போதுதான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். யாரும் அங்கே கழற்றுவதில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வியாபாரிக்கு எழுத வேண்டியதைச் சொன்னார். வேகமாகச் சொன்னார், ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பார் போல. நட்டை இறுக்க மறந்தது, பேரிங் நல்லது என்பது, வால்வுகளுக்கான பணத்தை அனுப்புவது, அந்தத் தகப்பனிடமும் மகளிடமும் இதை வரிக்கு வரி படித்துக்காட்டச் சொல்வது.

எழுதி முடித்துத் தமிழில் படித்துக்காட்டினேன். நட்டு இருந்தது, பேரிங் இருந்தது, பணம் இருந்தது, தகப்பனும் மகளும் இருந்தார்கள். பொட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, நானும் எழுதியிருக்கவில்லை. அவருக்காக விட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

அவர் என் கணினியைப் பார்த்தார். பிறகு மேசை விளிம்பைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு படம் எடுத்தீங்களே," என்றார். "அதைச் சின்னதாக்கித்தான அனுப்புனீங்க?"

நான் தலையசைத்தேன்.

"எங்களுக்கு வந்த பதில்ல அந்தப் படம் அடியில ஒட்டியிருந்துச்சு. வீட்டுக்காரி காட்டினா. ஒரு கடுகளவு இருந்துச்சு." கட்டைவிரலை மேசை விளிம்பில் தேய்த்தார். "நான் கேக்கலயேம்மா."

என் முகம் சுட்டது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

"உங்களைச் சொல்லல. நான் ஆரம்பிச்சு வெச்சது," என்றார். "ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்தை முழுசா அனுப்புங்க. முதல்ல நானும் ஒரு தடவை பாத்துடறேன்."

நான் படத்தைத் திறந்தேன். திரை முழுக்க இஞ்சின், மங்கிய பொட்டுகள், நடுவில் ஈரமாக மின்னும் ஒன்று. அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் காலுறையை எடுத்து, அதற்குள்ளிருந்த கண்ணாடியை உருவி, என் கண்ணெதிரே மாட்டிக்கொண்டார்.